ராட்வீலரா, ராஜபாளையமா? கயிறு யார் கையில்?

அக்கா மகன் போன மாதம் போன் செய்தான். கூடுவாஞ்சேரி தாண்டி தனி வீடு கட்டிக் குடிபோய் நாலு மாதம் ஆகிறது. பக்கத்து மனைகள் இரண்டும் இன்னும் முள்செடி மண்டிக் கிடக்கின்றன. இவனுக்கோ வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிஃப்ட். "மாமா, வீட்டுக் காவலுக்கு ஒரு நாய் வாங்கலாம்னு இருக்கேன். ராட்வீலரா, ராஜபாளையமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான்.

ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. "நீ ஷிஃப்ட்ல இருக்கும்போது அதோட கயிற யாருடா பிடிப்பாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. வீட்டில் இருப்பது என் அக்கா. வயது அறுபத்திரண்டு, இடது முட்டி தேய்மானம். அப்புறம் அவன் மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை.

எது வீரம், எது விசுவாசம், எதைப் பார்த்தால் திருடன் பயப்படுவான் என்றுதான் நாய்ப் பேச்சு எப்போதும் ஓடும். வீட்டில் இருப்பவர்களிலேயே பலம் குறைந்தவர் யார், அவர் கையில் அந்த நாய் நிற்குமா என்று கேட்பவர் அபூர்வம். எனக்கு இந்த இரண்டு நாய்களோடும் பழக்கம் உண்டு. ஊரில் அப்பா அடுத்தடுத்து இரண்டு ராஜபாளையம் வளர்த்தார். சென்னையில் மச்சான் வீட்டு ராட்வீலரை, அவர் வெளியூர் போகும்போதெல்லாம் நான்தான் வாக்கிங் கூட்டிப் போவேன்.

எடையிலிருந்து தொடங்குகிறேன். ஆண் ராட்வீலர் 50 கிலோ, பெண் 42 கிலோ. அந்த இனத்துக்கு எழுதி வைத்திருக்கும் அளவே அதுதான். நம் கணக்கில் ஒரு சிமெண்ட் மூட்டை. ராஜபாளையம் உயரத்தில் சளைத்ததில்லை, ஆனால் எடை பாதிதான்: 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று, நல்ல ஆண் நாய் என்றால் 30 வரை போகும். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். இதற்கு நாலு கால் இருக்கிறது, எதிர்ச்சுவரில் பூனை இருக்கிறது. மச்சான் வீட்டு நாய் ஒருநாள் தெருநாயைப் பார்த்து இழுத்த இழுப்பில் நான் மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றேன். அப்போது நான் எண்பது கிலோ. அக்கா ஐம்பத்தைந்து இருந்தால் அதிகம்.

இதை வைத்து ராட்வீலர் கெட்ட நாய் என்று யாராவது முடிவு கட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடிக்க வாய்ப்பு எவ்வளவு என்பது வேறு, கடித்தால் என்ன ஆகும் என்பது வேறு. முதல் கணக்கில் ராட்வீலர் ஒன்றும் மோசமில்லை. நன்றாக வளர்த்த ராட்வீலர் நிதானமான பிராணி. ஆளை நிறுத்தி வைத்துப் பார்க்கும், அதிகம் குரைக்காது, உடம்பால் ஒட்டி நின்று தள்ளும். அப்பாவின் ராஜபாளையங்கள்தான் கேட் சத்தம் கேட்டாலே பறக்கும். கேஸ் சிலிண்டர்காரர் தெருமுனையிலிருந்தே "நாயக் கட்டுங்கய்யா" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார். இரண்டாவது கணக்குதான் ராட்வீலருக்கு எதிராக நிற்கிறது. அந்தத் தலையும் தாடையும் எடையும் சேர்ந்து ஒருமுறை தவறினால் போதும். 2024 மே 5 அன்று ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வீலர்கள் பூங்கா காவலாளியின் ஐந்து வயது மகளைக் கடித்துக் குதறியது பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டின் பூர்வீகத்தைப் பார்த்தால் குணமும் புரியும். ராட்வீலருக்குப் பேர் கொடுத்தது தெற்கு ஜெர்மனியின் ராட்வைல் நகரம். அங்கே கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் இறைச்சி வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் அது. மனிதனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் சொல்வதைக் கேட்டு வேலை செய்தே பழகிய வம்சம். ராஜபாளையம் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய், காட்டுப்பன்றி வரை துரத்தியிருக்கிறது. துரத்துகிற நேரத்தில் எசமான் ஒரு ஃபர்லாங் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவான், முடிவெடுப்பது நாய்தான்.

அதனால் பழக்குகிற விஷயத்தில் ராட்வீலர் சுலபமாக ஜெயிக்கிறது. நாட்டு நாய்ப் பற்றில் இதை மறைக்க வேண்டியதில்லை. உட்கார், நில், விடு என்பதையெல்லாம் மச்சான் வீட்டு நாய் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டது. அப்பாவின் ராஜபாளையத்துக்கு "வா" என்ற சொல் புரியும். வருவதா வேண்டாமா என்பது அதன் விருப்பம். கண்ணில் கோழியோ ஆட்டுக்குட்டியோ பட்டால் அந்தச் சொல்லும் மறந்துபோகும். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அப்பா பணம் கொடுத்தது மூன்று தடவை எனக்கே தெரியும்.

ஆனால் பழக்குவதற்கு ஒரு வயசு இருக்கிறது, நம் ஊரில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது அங்கேதான். மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரைக்குள் குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ அதெல்லாம் சகஜம் என்று மனதில் பதியும். பார்க்காததெல்லாம் பின்னால் பயம். பயம்தான் பல்லாக வெளியே வரும். நம் வீடுகளிலோ தடுப்பூசி முழுதாக முடியட்டும் என்று நாலு மாதம் வரை குட்டியை வாசல் தாண்ட விடுவதில்லை. பார்வோ நோய்க்குப் பயந்து செய்வது, அந்தப் பயமும் நியாயம்தான். அதற்காக உள்ளேயே பூட்டி வைக்க வேண்டுமா? தரையில் விடாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றால் போதுமே. ஹெல்மெட் போட்ட ஆள், குடை பிடித்த பாட்டி, ஊன்றுகோல், ஆட்டோ, மேளச்சத்தம், கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள், எல்லாவற்றையும் காட்டிவிடலாம். ராட்வீலர் குட்டியாக இருந்தால் இது கட்டாயம். ஆறு மாதத்தில் குட்டிக்கரடி மாதிரி அழகாக இருக்கும். ஒன்றரை வயதுக்கு மேல்தான் உண்மையான காவல் குணம் தலை தூக்கும், அன்றைக்குத் திருத்த உட்கார்ந்தால் கை மீறியிருக்கும்.

இன்னொன்று, உறுமினால் அடிக்கிற பழக்கம். உறுமல் என்பது நாய் கொடுக்கிற எச்சரிக்கை. அடித்து அடித்து அதை நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். இது இரண்டு இனத்துக்கும் பொது என்றாலும், ஐம்பது கிலோ நாய் எச்சரிக்காமல் கடிப்பதை யோசித்துப் பாருங்கள்.

ராஜபாளையத்தின் பக்கம் வேறொரு சிக்கல் உண்டு. அது ஒற்றை ஆள் நாய். வீட்டில் எல்லோரையும் சகித்துக்கொள்ளும், ஒருவரை மட்டும் எசமானாக ஏற்கும். என் அக்கா மகன் யோசித்தது இப்படி: காலையும் மாலையும் அவன் பழக்குவான், மற்ற நேரம் அது பாட்டுக்குக் கட்டிக் கிடக்கும். அப்படிச் செய்தால் அவன் சொல் மட்டும் கேட்கும் நாய், அவன் இல்லாத பத்து மணி நேரத்துக்கு யார் சொல்லும் கேட்காத நாய், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து போவோர் வருவோரைப் பார்த்துக் குரைத்தே வளரும் நாய், என்றைக்காவது கொக்கி கழன்றால் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்தான் சோறு வைக்க வேண்டும், அவர்தான் குட்டியிலிருந்து பழக்க வேண்டும். இவன் வீட்டில் அது அக்கா.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராஜபாளையத்துக்குக் குட்டை முடி, மெலிந்த உடம்பு. இந்த மண்ணின் நாய். ராட்வீலருக்கு இரண்டு அடுக்கு ரோமம், அதுவும் கறுப்பு. சித்திரை வெயிலில் காலை ஆறரைக்குள் வாக்கிங் முடித்தாக வேண்டும், பகலில் நிழலும் காற்றும் தண்ணீரும் வேண்டும். வெளியே கூட்டிப் போகும்போது வாய்மூடி போடுவதானால் ஒரு குறிப்பு: வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடி வேண்டாம். நாய்க்கு வியர்வை நம்மைப் போல் இல்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ளும். கூடை மாதிரி இருப்பதை வாங்கினால் இரைக்கவும் முடியும், தண்ணீர் குடிக்கவும் முடியும்.

சுவர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். ராட்வீலருக்கு ஐந்தடிச் சுவர் போதும், ஆனால் கேட் கொண்டி உறுதியாக இருக்க வேண்டும். சாய்ந்தே திறந்துவிடும். ராஜபாளையத்துக்கு ஐந்தடி என்பது ஒரு தாவல். இரண்டுக்குமே கேட்டுக்குள் இன்னொரு கேட் வைப்பது நல்லது. குழந்தை பள்ளி வேனுக்கு ஓடும் அவசரத்தில் வெளிக்கேட் திறந்து கிடப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

எங்கே வாங்குவது என்பதில் இரண்டு பக்கமும் மோசடி உண்டு. ஜெர்மனியின் ராட்வீலர் சங்கத்தில் இடுப்பு எலும்பு எக்ஸ்ரேயும் குணச் சோதனையும் தேறாத நாயை இனவிருத்திக்கு விடுவதில்லை. இங்கே "சாம்பியன் பரம்பரை" என்று சொல்வார்கள். தாய் நாயைக் காட்டுங்கள் என்றால் ஊரில் இருக்கிறது என்பார்கள். தாயைப் பார்க்காமல் ராட்வீலர் குட்டி வாங்கக் கூடாது, குணம் பாதி அங்கிருந்து வருகிறது. ராஜபாளையத்தில் பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் என்று சொல்லி அதையே தேடித் தேடிப் பெருக்கியதில், காது கேளாத குட்டிகள் பிறப்பது தெரிந்த குறை. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் ஒரு சில்வர் தட்டைப் போட்டுப் பாருங்கள். காது கேளாத நாய் தூங்கும்போது குழந்தை போய்த் தொட்டால், திடுக்கிட்டுக் கடிப்பது அதன் தப்பு இல்லை. நாட்டு நாய்களுக்காகவே அரசு 1980களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் ஓர் இனப்பெருக்கப் பிரிவை ஆரம்பித்தது. ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலைகூட வந்தது, 2005இல். தபால்காரரைக் கண்டால் ஆகாத நாய்க்கு இப்படி ஒரு மரியாதை!

மற்றவற்றையும் அவன் கேட்டான். தேனி மாவட்டத்துக் கோம்பை, செவலை உடம்பும் கறுத்த வாயுமாக இருக்கும். கச்சிதமான உடம்பு, தோட்டக் காவலுக்கு அருமை, கோபமும் சீக்கிரம். தெருவில் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு நான் சொல்ல மாட்டேன். டாபர்மேன் வெயில் தாங்கும், புத்திசாலி, ஓட வைக்க ஆள் இல்லையென்றால் வீட்டைப் பிய்க்கும். நம் அப்பாக்கள் அல்சேஷன் என்று சொன்ன ஜெர்மன் ஷெப்பர்டு முதல் தடவை பெரிய நாய் வளர்ப்பவர்களுக்கு இவற்றில் கொஞ்சம் பொறுமையானது. முடி கொட்டுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிட்புல் பேச்சையே எடுக்காதே என்றுவிட்டேன்.

அப்புறம் சட்டம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ராட்வீலரும் பிட்புல்லும் அதில் இருந்தன. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் இந்த இரண்டு இனங்களுக்கும் புது உரிமம் கிடையாது என்று தீர்மானம் போட்டது. ஆக, சென்னைக்குள் இந்த ஒப்பீடே தேவையில்லை, ராட்வீலர் ஆட்டத்திலேயே இல்லை. இவன் வீடு மாநகராட்சிக்கு வெளியே இருப்பதால்தான் கேள்வியே வருகிறது.

பட்டியல் போட்டுத் தடை செய்வதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். பிரிட்டன் 1991இல் நாலு இனங்களைத் தடை செய்தது. பிற்பாடு எக்ஸ்எல் புல்லி என்று பட்டியலில் இல்லாத ஒரு நாய் பரவி, 2023இல் அதையும் சேர்க்க வேண்டி வந்தது. கயிறு பிடிக்கத் தெரியாதவன் அடுத்த இனத்துக்குப் போவான், அவ்வளவுதான். எந்த இனமானாலும் நம் நாய் அடுத்தவர் உயிருக்கு ஆபத்தாகும்படி அலட்சியமாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ராஜபாளையம்தானே, நாட்டு நாய்தானே என்று அங்கே சலுகை இல்லை.

என் தீர்ப்பு இதுதான். தினமும் காலை மாலை ஒரு மணி நேரம் தரக்கூடிய, ஏற்கெனவே பெரிய நாய் வளர்த்த, நாயை நிறுத்திப் பிடிக்கும் உடம்புள்ள இருவர் வீட்டில் இருந்தால், தாயைப் பார்த்து வாங்கிய ராட்வீலர் ராஜபாளையத்தைவிட நம்பகமான நாய். அக்கா வீட்டில் அப்படி இருவர் இல்லை. அங்கே ராஜபாளையம், அதுவும் பெண் குட்டி, அதுவும் அக்கா கையால் வளர்ந்தால் மட்டும். குழந்தையோடு தனியாக எந்த நாயையும் விடக் கூடாது. மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் வருடா வருடம்.

எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது அக்கா. "எனக்குச் சோறு வைக்கவே ஆள் இல்ல, நான் அதுக்குச் சோறு வைக்கணுமாடா?" என்றாள். பிறகு அவளே, "வெள்ளக்குட்டி வேண்டாம், காது கேக்கிறதா பாத்து வாங்கச் சொல்லு" என்றாள்.

குட்டி இன்னும் வரவில்லை. சுவரை ஏழடிக்கு உயர்த்தக் கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறான்.