டர்பனில் பெரியம்மாவுக்கு பெட் ஸ்கேன்

புரட்டாசி என்பதால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் குடும்பம் முழுக்கச் சைவம். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவுக்கு பெட் (PET) ஸ்கேன் எழுதிக் கொடுத்தார் டாக்டர். நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய், லிம்போமா. எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கீமோ. சிங்கப்பூரிலிருந்து லீவில் போயிருந்த நான் துணைக்குப் போனேன்.

ஸ்கேன் மையம் கொடுத்த தாளில், முதல் நாள் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழம் கூடாது, கோழி, மீன், முட்டை சாப்பிடலாம் என்றிருந்தது. புரட்டாசியில் கோழியா! போன் போட்டுக் கேட்டதும் பனீர், கீரை, முட்டைக்கோஸ் போதும் என்றார்கள். கேட்டால் வழி சொல்கிறார்கள், கேட்காதவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் வெறும் தண்ணீர். “விரதம் எனக்குப் புதுசா?” என்றார் பெரியம்மா. ஆனால் அவர் விரதத்தில் பால் டீ உண்டு. இதில் அதுவும் இல்லை.

காரணம் இருக்கிறது. ஊசியில் ஏற்றும் மருந்து கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுப்பதால் அந்த இடங்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை கூடியிருந்தால் மருந்து சரியாகச் சேராது. அதனால் விரலில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஊசி. லிட்டருக்கு 11 மில்லிமோலுக்கு மேல், அதாவது தமிழ்நாட்டில் சொல்லும் மில்லிகிராம் கணக்கில் சுமார் 200-க்கு மேல் போனால் பெரும்பாலும் வேறு நாள்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

அன்று எரிச்சலூட்டியது மருத்துவக் காப்பீடுதான். முன்அனுமதி எண் வரவில்லை என்று கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். இந்த மருந்தின் வீரியமோ 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும், எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. அக்கா போனில் சண்டை போட்டுத்தான் எண் வந்தது. முதல் நாளே அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் சாய்ந்திருக்க வேண்டும். பேச்சும் வேண்டாம், பேசினால் தொண்டைத் தசைகளும் மருந்தை இழுத்துக்கொள்ளும். பெரியம்மாவுக்கு இதுதான் பெரிய தண்டனை! குளிரெடுத்தாலும் படம் குழம்பும் என்று கம்பளி போர்த்திவிட்டார்கள். அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு மெஷினில் அரை மணி நேரம்போலப் படுத்தார். வலி என்றால் ஊசி குத்தியது மட்டும்தான்.

“முன்பு டிபி வந்திருக்கிறதா?” என்று டாக்டர் கேட்டது எனக்குப் புதிது. டிபி, வேறு தொற்று, வீக்கம் எல்லாமே இந்தப் படத்தில் ஒளிரும். டிபி அதிகமுள்ள தென்னாப்பிரிக்காவில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. மூளையும் சிறுநீர்ப்பையும் எல்லோருக்கும் ஒளிரும். ஆகவே படத்தை நாமே பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு எலும்பு ஸ்கேன். அதற்குப் பட்டினி இல்லை, ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். எலும்பு ஸ்கேனுக்குப் போடும் அந்தக் கதிரியக்க மருந்துக்கான மூலப்பொருளை உலகுக்குத் தரும் சில அணு உலைகளில் ஒன்று, பிரிட்டோரியா பக்கம் பெலிண்டாபாவில் 1965 முதல் ஓடும் சஃபாரி-1. சொந்த நாட்டில் இப்படி ஒன்று இருப்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அழைத்துப் போக வந்தவள் கர்ப்பமாக இருக்கும் தங்கை. சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் ஒட்டி உட்காரக் கூடாது என்று நர்ஸ் சொல்லவே, அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு டாக்ஸி பிடித்தோம். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போனால் மருந்து சீக்கிரம் வெளியேறும்.

முடிவை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், ரிப்போர்ட் புற்றுநோய் டாக்டருக்குப் போகும். படங்களை சிடியில் கேட்டு வாங்கினோம். கீமோவுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனை அதோடுதான் ஒப்பிடுவார்களாம்.