இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு நாள்: ஜூவா, அக்வேரியமா, மியூசியமா, பார்க்கா?

குழந்தையைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் ஒரு நாள் வெளியே போகலாம் என்றதும் அங்கே என்னென்ன பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை அது இரண்டாம்பட்சம். குழந்தை சிணுங்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், பேர் போன இடங்கள் பல பின்னால் தள்ளப்பட்டுவிடும். டிக்கெட் விலை அதிகமாக ஆக, "காசு கொடுத்திருக்கிறோமே, இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போகலாம்" என்று பெரியவர்கள் இழுப்பதும் அதிகமாகும். அழுகை முற்றுவது பெரும்பாலும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான்.

அடுத்தது தூக்கக் கணக்கு. இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பகலில் ஒரே ஒரு தூக்கம், அதுவும் நடுப்பகலில். உலக சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 1–2 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், தள்ளுவண்டியிலோ முதுகிலோ கட்டிவைத்தால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. காலை ஏழு மணிக்கு எழுந்த குழந்தை பன்னிரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கும். குளியல், சாப்பாடு, பயணம் எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது இரண்டு, மிஞ்சிப்போனால் இரண்டரை மணி நேரம். பெயருக்குத்தான் ஒரு நாள். ஒரே நாளில் ஜூவும் அக்வேரியமும் என்று திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஜூ: பெரியவர்களுக்கு நல்ல இடம்

இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 85 செ.மீ. கண் இருக்கும் உயரம் அதற்கும் பத்து செ.மீ. கீழே. நம் இடுப்பளவு இருக்கும் தடுப்புச் சுவர் அதற்கு முழுச் சுவர். ஒவ்வொரு அடைப்பிலும் தூக்கிக் காட்ட வேண்டும். 12 கிலோ எடையை முப்பது தடவை தூக்கி இறக்கினால் மதியத்துக்குள் முதுகு பேசும். அப்படித் தூக்கிக் காட்டினாலும் தூரத்தில் அசையாமல் படுத்திருக்கும் மிருகம் அதன் கண்ணில் படுவதில்லை. சிங்கம் நாளில் பெரும்பகுதி ஓய்வெடுக்கும் பிராணி, நாம் போகும் நேரத்தில் எழுந்து நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. குழந்தை காலடியில் ஓடும் எறும்பைக் காட்டிக் கத்தும். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. எறும்பு பக்கத்தில் இருக்கிறது, நகர்கிறது.

அதனால் ஜூவுக்குப் போவதென்றால் மூன்றே அடைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். தரைவரை கண்ணாடியோ கம்பியோ இருப்பதாகவும், உள்ளே இருப்பது ஓயாமல் அசைவதாகவும் இருக்கட்டும். குரங்கு, பெரிய பறவைகள், பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூடிய ஆமை இதற்குச் சரி. திறந்த முதல் ஒரு மணி நேரம் மிருகங்களும் சுறுசுறுப்பாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

வழியையும் திருப்பிப் போடுங்கள். வாசலில் இருந்து பார்த்துக்கொண்டே போனால், குழந்தை களைத்துப்போகும்போது நீங்கள் வாசலிலிருந்து மிகத் தூரமான மூலையில் நிற்பீர்கள். உள்ளே பேட்டரி வண்டி இருந்தால் முதலில் அதில் கடைசிவரை போய்விட்டு, அங்கிருந்து வாசலை நோக்கி நடந்து வாருங்கள். களைப்பு கூடக்கூட வாசல் நெருங்கும்.

ஆடு, முயலைத் தொட்டுப் பார்க்கும் பகுதியில் ஒரு எச்சரிக்கை. சானிடைசர் அங்கே போதாது. விலங்குகளின் சாணத்திலிருந்து வரும் சில கிருமிகள், குறிப்பாக கிரிப்டோஸ்போரிடியம், ஆல்கஹாலுக்கு அடங்காது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தப் பகுதிக்குள் இருக்கும்வரை தின்பண்டம், பால் பாட்டில், சூப்பான் எதையும் வெளியே எடுக்காதீர்கள்.

அக்வேரியம்: இந்த வயதுக்கே செய்தது போல, ஒரு குறையோடு

டிக்கெட் வாங்கிப் போகும் இடங்களில் எங்கள் ஓட்டு இதற்குத்தான். பல தொட்டிகளின் கண்ணாடி கிட்டத்தட்ட தரையிலிருந்தே தொடங்கும். குழந்தை தானாகப் போய் மூக்கை ஒட்டி நின்றுகொள்ளும், தூக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது எந்நேரமும் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளியே வெயிலோ மழையோ, உள்ளே தெரியாது.

குறை என்னவென்றால், பெரும்பாலான அக்வேரியங்கள் ஒருவழிப் பாதை. பாதியில் அழுகை வந்தால் கூட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாது, முடிவுவரை போய்த்தான் ஆக வேண்டும். நுழையும்போதே ஊழியரிடம், "நடுவில் வெளியே போக வழி இருக்கிறதா, திரும்ப உள்ளே விடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். டயப்பரை மாற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முழுச் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால் இந்த வயதுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டு இரண்டு விதமாக வேலை செய்யும். தள்ளுவண்டியில் சாய்ந்து உட்கார்ந்த குழந்தை பத்தரை மணிக்கே கண்ணயர்ந்துவிடலாம். பிறகு மதியத் தூக்கம் போச்சு. அதனால் உள்ளே நடக்க விடுங்கள். நடக்க விட்டால் அடுத்த சிக்கல், கருநீலச் சட்டை போட்ட குழந்தை அந்த வெளிச்சத்தில் நாலடி தள்ளிப் போனாலே தெரியாது. வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் சட்டை போடுங்கள். அன்று காலை கிளம்பும்போது அந்த உடையிலேயே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், தேட வேண்டி வந்தால் என்ன நிறச் சட்டை என்று யோசித்துத் தடுமாற வேண்டாம். போன் நம்பரைச் சட்டையின் உள்பக்க லேபிளில் எழுதுங்கள். கையில் எழுதினால் வியர்வையில் கரைந்துவிடும்.

தலைக்கு மேல் சுறா நீந்தும் கண்ணாடிச் சுரங்கம் சில குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், சிலருக்குப் பீதி. வாசலிலேயே நின்று ஒரு நிமிடம் பார்க்க விடுங்கள். கால் பின்வாங்கினால் தூக்கிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவதே மேல். தொட்டுப் பார்க்கும் தொட்டி இருந்தால் சன்ஸ்கிரீனும் சானிடைசரும் பட்ட கையை அப்படியே விடாதீர்கள், உள்ளே இருக்கும் உயிர்களுக்கு ஆகாது. முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.

மியூசியம்

பொது மியூசியம் வேண்டாம். தொடாதே, ஓடாதே, கத்தாதே என்ற மூன்றும் ஒரே கட்டிடத்துக்குள். பழைய ரயில் இன்ஜின், பஸ், விமானம் வைத்திருக்கும் இடம் மட்டும் விதிவிலக்கு. பல மியூசியங்களில் கம்பிச் சட்டம் வைத்த முதுகுக் கேரியரை உள்ளே விடுவதில்லை, சில அரங்குகளில் தள்ளுவண்டியையும் வாசலிலேயே விடச் சொல்வார்கள். குழந்தைகளுக்கான மியூசியம் என்றால் மூன்று வயதுக்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது எட்டு வயதுக்கான இடம்.

இண்டோர் விளையாட்டுக் கூடம்

மழை நாளுக்கும் கொளுத்தும் வெயிலுக்கும் இது கைகொடுக்கும். ஒரே வாசல், கதவு பூட்டியிருக்கும், பெரியவர்கள் உட்காரலாம். ஆபத்து விளையாட்டுச் சாமான்களில் அவ்வளவாக இல்லை, வயதுக் கலப்பில் இருக்கிறது. பந்துக் குளத்தில் குழந்தை பாதி புதைந்து உட்கார்ந்திருக்கும். மேலிருந்து குதிக்கும் ஏழு வயதுப் பையனுக்கு அது கண்ணில் படாது. சின்னக் குழந்தைகளுக்கு வேலி போட்ட தனி இடம் இல்லாத கூடத்துக்கு விடுமுறை நாளில் போகாதீர்கள், வார நாள் காலையில் போங்கள். டிராம்போலின் பக்கமே விடாதீர்கள். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் அகாடமி 6 வயதுக்குக் கீழே அது கூடாது என்கிறது. இரண்டு பேர் சேர்ந்து குதிக்கும்போது கனமானவர் இறங்குகிற வேகம் இலேசானவரைத் தூக்கி எறியும், அடிபடுவது பெரும்பாலும் சின்னதுதான்.

மணிக்கணக்கில் டிக்கெட் என்றால் ஒரு மணி நேரம் போதும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

பார்க்: முதலிடம்

எந்த வாசலிலும் வெளியேறலாம், அரை மணி நேரத்தில் கிளம்பினாலும் எதுவும் நஷ்டமில்லை. உலக சுகாதார அமைப்பு சொல்லும் 180 நிமிடத்தில் பாதி இங்கேயே முடிந்துவிடும். புல், குச்சி, கல், வாத்து என்று இந்த வயதுக்கு வேண்டிய காட்சிப் பொருள்கள் எல்லாம் இங்கே உண்டு. எங்கள் கணக்கில் ஜூவை இது சுலபமாக ஜெயிக்கும். பார்க்குக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் அந்தப் பயணமே பாதிக் கொண்டாட்டம்.

கவனிக்க வேண்டியது சறுக்குமரம். குழந்தை பயப்படுகிறதென்று மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குவது பாதுகாப்பு போலத் தோன்றும், உண்மை நேர்மாறு. குழந்தையின் ஷூ அடிப்பாகம் ரப்பர். அது சறுக்கின் ஓரத்திலோ தளத்திலோ உரசி நின்றுவிடும். தனியாக வந்தால் குழந்தையும் அங்கேயே நின்றுவிடும், எடை அவ்வளவுதான். மடியில் இருந்தால் பின்னால் அறுபது, எழுபது கிலோ தள்ளிக்கொண்டு வரும். கால் பின்னால் முறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். இந்த வயதுக் குழந்தைகள் சறுக்குமரத்தில் கால் உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். தனியாகச் சறுக்க முடியாத உயரம் என்றால் அந்தச் சறுக்கு அதற்கு இல்லை. சின்னதைத் தேடுங்கள், பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற விடும் முன் உங்கள் புறங்கையைச் சறுக்கில் ஐந்து வினாடி வையுங்கள். வைக்க முடியாவிட்டால் குழந்தையின் தொடைக்கும் முடியாது. இரும்பு மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும் கீழே விரித்த ரப்பர் தரையும்கூட வெயிலில் கொப்பளிக்க வைக்கும் அளவுக்குச் சுடும்.

பார்க்கின் பலவீனம் கழிப்பறை. டயப்பர் மாற்ற மேசை இருக்காது. நின்றபடியே மாற்றும் பேன்ட் வகை டயப்பர் இங்கே ஒட்டும் வகையைவிட எளிது. மலம் கழித்திருந்தால் டயப்பரைக் கீழே இறக்காதீர்கள், கால் முழுக்கப் பூசிக்கொள்ளும். இரண்டு பக்கத் தையலையும் கிழித்து முன்னிருந்து பின்னாக எடுங்கள். பையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டயப்பர் வீதமும் கூடுதலாக இரண்டும், குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பை மூன்று, தூக்குகிறவருக்கு ஒரு டி-ஷர்ட். கடைசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கி எடுத்துப் போங்கள், பாப்கார்ன் வேண்டவே வேண்டாம். இரண்டுமே தொண்டையில் அடைப்பவை.

தள்ளுவண்டியா, கேரியரா?

அக்வேரியத்துக்கும் ரயில் பயணத்துக்கும் கேரியர். ஜூவுக்குத் தள்ளுவண்டி. பார்க்குக்கு இரண்டும் வேண்டாம் என்று தோன்றும், ஆனால் திரும்பும்போது தேவைப்படும்.

வண்டி என்றால் மடித்த பிறகு ஒரு கையால் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே மற்றொரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு பாருங்கள். கைப்பிடியில் கனமான பையை மாட்டினால் குழந்தையை இறக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் சாயும், பையைக் கீழ்க்கூடையில் வையுங்கள். எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றாதீர்கள், லிஃப்ட் எங்கே என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்ட குழந்தையை எஸ்கலேட்டரில் நிற்க வைக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள், படிகளுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே செருப்பு இழுபட்டு மாட்டும். வண்டியில் தூங்குகிறதே, வெயில் படக் கூடாதே என்று துணியால் போர்த்தி மூடுவதும் கூடாது. மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும். வண்டியோடு வரும் குடையை விரித்துவிட்டு நிழலில் நிறுத்துவதே சரி.

ஆறு வயது அண்ணனோ அக்காவோ கூட வந்தால்

மேலே சொன்ன வரிசை மாறும். பெரியதுக்குப் பார்க் சலிக்கும். அப்போது ஜூவோ அக்வேரியமோதான், ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். முதல் முக்கால் மணி நேரம் சேர்ந்து பாருங்கள். பிறகு ஒருவர் பெரியதோடு மீதியைச் சுற்ற, மற்றவர் சின்னதோடு வாசல் பக்கத்துப் புல்தரைக்கு வந்துவிடலாம். சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் பிரியும் முன்பே பேசிவிடுங்கள், கூட்டத்தில் போன் அடிப்பது காதில் விழாது.

திரும்பும் நேரத்தை வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வீடு வரப் பத்து நிமிடம் இருக்கும்போது காரில் கண்ணயர்ந்து, இறக்கியதும் விழித்துக்கொள்ளும் குழந்தை பெரும்பாலும் திரும்பத் தூங்காது, சாயங்காலம் முழுக்க அழும். பயணம் இருபது நிமிடத்துக்குள் என்றால் பேச்சுக் கொடுத்து, ஜன்னலைத் திறந்து, விழிக்க வைத்தே கொண்டுவந்து கட்டிலில் போடுங்கள். ஒரு மணி நேரப் பயணம் என்றால் கிளம்பியதும் தூங்க விட்டுவிடலாம், அன்றைய தூக்கம் அதுதான்.