எரின் பிராக்கோவிச்சா, டார்க் வாட்டர்ஸா?

இரண்டுமே அமெரிக்காவில் நடந்த உண்மைக் கதைகளை வைத்து எடுத்த படங்கள். இரண்டிலும் குடிநீரில் கலந்த நஞ்சுதான் வழக்கு.

2000இல் வந்த எரின் பிராக்கோவிச்சில், சட்டமே படிக்காத, மூன்று குழந்தைகளுக்குத் தாயாக வரும் ஜூலியா ராபர்ட்ஸ், ஹிங்க்லி ஊர் மக்களுக்காக ஒரு பெரிய எரிவாயு, மின்சார நிறுவனத்தோடு மோதுகிறார். நிலத்தடி நீரில் குரோமியம்-6 என்ற நச்சு ரசாயனம். பேச்சுவார்த்தை மேசையில், "இந்தத் தண்ணீர் ஹிங்க்லி கிணற்றிலிருந்து வந்தது" என்று அவர் சொன்னதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைப்பார், பாருங்கள்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். சிரிப்பும் கோபமும் சேர்ந்தே ஓடும் படம். கடைசியில் கிடைத்த இழப்பீடு 33.3 கோடி டாலர்.

2019இன் டார்க் வாட்டர்ஸ் மெதுவானது, இருண்டது. ரசாயன நிறுவனங்களுக்காகவே வாதாடிவந்த வழக்கறிஞராக மார்க் ரஃபலோ. மாடுகள் செத்துவிழும் ஒரு விவசாயி அவரைத் தேடி வருகிறார். அப்புறம், டெஃப்லான் செய்யப் பயன்பட்ட ரசாயனத்தை நீரில் கலக்கவிட்ட டூபாண்ட் நிறுவனத்தோடு வருடக்கணக்கில் இழுபறி. அதில் அவருடைய உடம்பும் குடும்பமும் படும் பாடு மனதை அழுத்தும்.

குடும்பத்தோடு ரசித்துப் பார்க்க முதல் படம்தான். ஆனால் டெஃப்லான் பூசிய தோசைக்கல்லைப் பற்றி இன்றும் என்னை யோசிக்கவைப்பது இரண்டாவது.