பெரம்பூர் பக்கம் ஒரு ஃபுட்பால் கோச்சிங்: 7 மேட்ச்சில் 19 கோல் வாங்கியது யார் தப்பு?

என் மகனை எட்டு மாதமாக அனுப்பிக்கொண்டிருக்கும் ஃபுட்பால் கோச்சிங் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. அவன் இன்னும் அங்கேதான் ஆடுகிறான், கூட ஆடும் பிள்ளைகளுக்கும் சங்கடம் வேண்டாம். வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர் பக்கம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, ஒரு இடத்தில் போய் நின்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. மாதம் 1,500 ரூபாய். சேரும்போது ஜெர்சி, ஷார்ட்ஸ், ஸ்டாக்கிங்ஸ் எல்லாம் சேர்த்து 1,200. வாரத்தில் நான்கு நாள், சாயங்காலம் 5:30 முதல் 7 மணி வரை. ஒரு ஸ்கூல் கிரவுண்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள், அதிலும் பாதிதான் நமக்கு, மறுபாதியில் கிரிக்கெட் நடக்கும். 42 பையன்கள், ஒரு கோச், ஒரு அசிஸ்டென்ட். இந்தப் பாதி கிரவுண்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நேரம் தவற மாட்டார்கள். காலில் அடிபட்டால் உடனே ஐஸ் வைத்து உட்கார வைப்பார்கள், வலியோடு ஆடச் சொன்னதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடுவது, ஆளை ஏமாற்றித் திரும்புவது, ஷூட்டிங் இதெல்லாம் அருமையாகச் சொல்லித் தருகிறார்கள். சேரும்போது இடது காலால் பந்தைத் தொடவே தயங்கிய என் பையன் இப்போது அதே காலால் குறுக்கே பாஸ் போடுகிறான். உங்கள் பிள்ளை ஃபார்வர்டு என்றால் யோசிக்காமல் சேர்க்கலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் பையன் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவன். சிக்கல் அங்கேதான்.

இந்த சீசனில் 7 மேட்ச். 19 கோல் வாங்கியிருக்கிறோம். கடைசியாக முல்லை நகர் கிரவுண்டில் நடந்த மேட்ச்சில் மட்டும் 5. பாதி ஆட்டத்தில் கோச் என் பையனையும் இன்னொரு ஸ்டாப்பரையும் வெளியே எடுத்துவிட்டு, பெற்றோர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே, "பின்னாடி நாலு பேரும் சேர்ந்து மேட்ச்சைக் கொடுத்துட்டாங்க" என்றார். 13 வயசுப் பையன்கள். திரும்பும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக நிற்கும் அத்தோ கடையில் நிறுத்தினேன், தட்டைக் கையில் வாங்கியவன் சாப்பிடாமல் கிளறிக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "அப்பா, நான் யாரைப் பிடிக்கணும்னே எனக்குத் தெரியலப்பா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி, பெற்றோர் குரூப்பில் வந்த மேட்ச் வீடியோக்களை எல்லாம் ஒன்று விடாமல் பார்த்து, ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்தது என்று நோட்டில் எழுதினேன். 19-ல் 10 கோல் ஒரே மாதிரி. நடுவில் பந்து பறிபோகும், எதிர் டீம் ஆள் ஒரே உதையில் நம் டிஃபென்ஸ் தலைக்கு மேல் தூக்கிப் போடுவான், நான்கு பேரில் இரண்டு பேர் முன்னேறி நிற்பார்கள், இரண்டு பேர் பின்வாங்கியிருப்பார்கள், நடுவில் ஷேர் ஆட்டோ போகும் அளவுக்கு இடம். இன்னொரு 4 கோல் கார்னரில், நான்கும் தூரத்துப் போஸ்ட் பக்கம், பிடிக்க ஆளில்லாமல் ஒருவன் நின்று தலையால் தட்டியது. 2 கீப்பர் கையிலிருந்து நழுவியது. மீதி 3-தான் ஒரு தனிப் பையன் செய்த தப்பு. அதில் ஒன்று என் மகனுடையது, பந்தைக் கீப்பருக்குத் தட்டிவிடாமல் திரும்பப் பார்த்துப் பறிகொடுத்தான்.

முக்கியமாக, அந்த 10 கோலும் விழுந்தபோது பின்னால் நின்றது ஒரே ஜோடி இல்லை. நான்கு விதமான ஜோடிகள் மாறி மாறி ஆடியிருக்கிறார்கள். ஆள் மாறியும் கோல் மாறவில்லை. நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: வேறு வேறு பையன்கள் நின்றும் ஒரே மாதிரி கோல் விழுந்தால் அது பயிற்சியின் குறை, ஒரே பையன் வேறு வேறு விதமாகத் தப்பு செய்துகொண்டே இருந்தால் அவனிடம் வேலை இருக்கிறது.

பெரிய இடத்திலும் இதை வைத்துப் பார்த்தேன். நம்ம சென்னையின் எஃப்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் பெங்களூருவில் போய் 3-2 என்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலை ஜெயித்தார்கள், அதில் இரண்டு கோல் அடித்தது ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வெஸ், இரண்டுமே கார்னரில் ஹெட்டர். அடுத்த சீசனில் அதே ஜான் கிரகரிதான் கோச், ஆல்வெஸும் இருந்தார், ஆனால் அவர் பக்கத்தில் நின்ற செரெனோ இல்லை. பத்து டீமில் கடைசி இடம். சாம்பியன் ஆக்கிய கோச் ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் மறந்திருக்க மாட்டார், ஆகவே ஆள் போனால் டிஃபென்ஸ் போகும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கடுத்த சீசன் நடுவில் கிரகரி விலகி ஓவன் காய்ல் வந்தார், ஏறக்குறைய அதே ஆட்கள் ஃபைனல் வரை போனார்கள். கோச் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் செமி ஃபைனலை மறந்துவிடுகிறார்கள். கோவாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் 4 கோல் வாங்கினோம், முதல் ஆட்டத்தில் 4-1 என்று ஜெயித்திருந்ததால் மொத்தத்தில் 6-5 என்று தப்பித்தோம். காய்ல் முன்பக்கத்துக்கு உயிர் கொடுத்தார், பின்பக்கம் அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. ஃபைனலிலும் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3 வாங்கித் தோற்றோம்.

பிரேசில் தோற்றால் துக்க வீடு மாதிரி ஆகிவிடும் ஏரியா இது, அதனால் 2014 உலகக் கோப்பை செமி ஃபைனலையும் சொல்லாமல் இருக்க முடியாது. விடியற்காலை 1:30 மணிக்கு உட்கார்ந்து பார்த்தோம், ஜெர்மனி 7, பிரேசில் 1. மஞ்சள் அட்டையால் பிரேசில் கேப்டன், ஸ்டாப்பர் தியாகோ சில்வா ஆட முடியவில்லை. 23-வது நிமிஷத்திலிருந்து 29-வது நிமிஷத்துக்குள் நான்கு கோல். சில்வா இல்லாததுதான் காரணம் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னோம். இப்போது திரும்பப் பார்த்தால், ஒரு ஆள் இல்லாவிட்டால் யார் எங்கே நிற்பது என்று மீதி ஆட்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான் எனக்குக் கண்ணில் படுகிறது.

சரி, நம்ம கோச்சிங்குக்கு வருகிறேன். எட்டு மாதத்தில் டிஃபென்ஸுக்கென்று தனியாக ஒரு நாள் கூட ஒதுக்கவில்லை. நான் தினமும் சுவரோரம் நின்று பார்க்கிறவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். இதற்குக் கோச்சின் சோம்பல் காரணம் இல்லை, அவர் பாடுபடுகிற மனுஷன். பாதி கிரவுண்டில் 42 பேரை வைத்துக்கொண்டு பந்து பழக்கம், ஷூட்டிங் சொல்லித் தரலாம், ஆனால் நான்கு பேர் வரிசையாக நின்று எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று பழக முழு நீளம் வேண்டும். பயிற்சியில் பின்னால் இடமே கிடையாது, சுவர்தான் இருக்கிறது. மேட்ச்சில்தான் அந்தப் பையன்கள் முதல் முறையாக முதுகுக்குப் பின்னால் ஐம்பது அடி வெற்றிடத்தைப் பார்க்கிறார்கள். பயந்து இரண்டு பேர் ஓடுகிறார்கள், தைரியசாலிகள் இரண்டு பேர் நிற்கிறார்கள். இதைச் சொல்லித் தராமல், வெளிக்கோட்டில் நின்று "ஆளைப் பிடிடா" என்று கத்துவதும், தோற்ற பிறகு எல்லோர் முன்னாலும் பெயர் சொல்வதும் நியாயமே இல்லை. இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். முகம் வாடியது, ஆனால் சண்டைக்கு வரவில்லை. அதை மதிக்கிறேன்.

பையன்கள் பக்கமும், நம் பக்கமும் குறை இருக்கிறது. ரைட் பேக் ஆடும் பையன் டியூஷனால் நான்கு நாளில் இரண்டு நாள்தான் வருகிறான், வீட்டில் அனுப்பாதது அவன் தப்பில்லை. என் மகன் பந்தையே பார்த்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவான், கண்ணை இரண்டு பக்கமும் ஓட்டும் பழக்கம் இன்னும் வரவில்லை. ராத்திரி மொபைல் பார்த்துவிட்டு லேட்டாகத் தூங்கும் நாளில் அவன் கால் அரை நொடி பிந்துவது எனக்கே தெரிகிறது.

மாற்றம் அசிஸ்டென்டால்தான் வந்தது. ஏரியாவிலேயே வளர்ந்து ஸ்டாப்பராக ஆடிய தம்பி அவர், பையன்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நோட்டைக் காட்டியதும் ஐந்து நிமிஷம் பேசாமல் புரட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கிரிக்கெட்காரர்கள் வருவதற்கு முன்னால் முழு கிரவுண்டும் கிடைக்கும் நேரத்தில், துணி காயப்போடும் நைலான் கயிற்றால் நான்கு பையன்களின் இடுப்பையும் இடைவெளி விட்டுக் கட்டி நடக்க விட்டார். ஒருவன் ஏறினால் மற்ற மூவரும் ஏற வேண்டும், இல்லையென்றால் கயிறு இழுக்கும். இங்கிலாந்தின் ஆர்சனல் டீமில் கோச் ஜார்ஜ் கிரஹாம் இப்படித்தான் டோனி ஆடம்ஸ், டிக்சன், விண்டர்பர்ன் போன்ற டிஃபெண்டர்களைக் கயிற்றைப் பிடித்து நகர வைத்தார் என்று சொல்வார்கள். 1990-91 லீகில் 38 ஆட்டத்தில் அந்த டீம் வாங்கியது 18 கோல்தான். நம்ம பையன்களோ 7 ஆட்டத்தில் 19.

முதல் வாரம் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இரண்டாவது வாரம் கயிறு தளர்ந்தே இருந்தது. மூன்றாவது வாரம் கயிற்றை அவிழ்த்துவிட்டு, என் மகனை மட்டும் சத்தம் கொடுக்கச் சொன்னார்: "ஏறு", "இறங்கு", "விடு". வீட்டில் வாய் திறக்காதவன் கிரவுண்டில் கத்துவதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

போன வாரம் ஒரு மேட்ச். 1-1. தலைக்கு மேல் தூக்கிப் போட்ட பந்து ஐந்தாறு முறை வந்தது, ஒன்று கூட கோலாகவில்லை, இரண்டு ஆஃப்சைடு (பந்து வருவதற்கு முன்பே எதிர் டீம் ஆள் நம் டிஃபென்ஸ் வரிசையைத் தாண்டி நின்றது). வாங்கிய அந்த ஒன்று கார்னரில், மறுபடியும் தூரத்துப் போஸ்ட்.

ஆகவே சேர்க்க நினைப்பவர்கள் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இரண்டு சாயங்காலம் சும்மா போய் நில்லுங்கள். கோல் விழுந்த பிறகு கோச் எங்கே பார்க்கிறார், யாரிடம் பேசுகிறார் என்று கவனியுங்கள். பின்னால் ஆடும் பையன்களுக்கென்று வாரத்தில் எத்தனை நிமிஷம் என்று நேரடியாகக் கேளுங்கள். முழு கிரவுண்டு என்றைக்குக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். ஃபார்வர்டுக்கு நான் ஐந்துக்கு நாலரை தருவேன், டிஃபென்ஸுக்கு ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் ஒன்று, இப்போது இரண்டரை. அந்த ஒன்றரையும் அந்தத் தம்பிக்கு.

அடுத்த மாத ஃபீஸைக் கட்டிவிட்டேன். கார்னருக்கு யார் யாரைப் பிடிப்பது என்று எப்போது பழக்குவீர்கள் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன், வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.