மலின் செடிக்கு எந்த மண்? களியா, ரிப்பிள் மிக்ஸா, கிரவலா?

தக்காளிக்கும் மிளகாய்க்கும் எந்த மண் நல்லதோ, அந்த மண்ணை மலின் (mullein) என்ற மூலிகைச் செடிக்குக் கொடுக்காதீர்கள். இருமலுக்கு இலை எடுக்கவென்று கனடாவில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இந்தச் செடியை வைக்கும் நம்மவர்கள் பலர், இருப்பதிலேயே கொழுத்த மண்ணைத் தேடிப் பிடித்து அதில் நடுகிறார்கள். ஒன்ராறியோவில் அது தானாக எங்கே முளைக்கிறது என்று பாருங்கள்: நெடுஞ்சாலை ஓரக் கிரவல், ரயில் பாதைக் கல்லுமேடு, வேலை நின்றுபோன கிரவல் கிடங்கு. புல் அடர்ந்த இடத்திலும் மர நிழலிலும் நிற்காது. ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளோடு வந்த செடி இது. முதல் வருடம் நிலத்தோடு படிந்த, சுணை நிறைந்த இலைக்கொத்து. அடுத்த வருடம் ஆளுயரத்துக்கு ஒரே தண்டு, மஞ்சள் பூ, விதை, அதோடு முடிவு. அந்த இரண்டு வருடமும் ஓர் ஆணிவேரை நம்பித்தான் போகிறது. ஆகவே அந்த வேர் எந்த மண்ணில் அழுகாமல் குளிர்காலத்தைக் கடக்கும் என்பதை வைத்துத்தான் நான் இங்கே மண்ணை எடை போடுகிறேன்.

முதலில் வளவில் இருக்கும் களி. புது வீட்டுத் திட்டங்களில் மேல்மண்ணை வழித்தெடுத்து, கடைசியில் மெல்லிசாகத் திரும்பப் பரப்பி, அதன்மேல் புல்லை விரித்துவிடுவார்கள். ஒரு மண்வெட்டி ஆழம் போனாலே களி தட்டுப்படும். சந்தேகமானால் ஈரமண்ணைக் கையில் உருட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கித் தள்ளிப் பாருங்கள். முறியாமல் 5 சென்ரிமீற்றருக்கு மேல் பட்டையாக நீண்டால் கடும் களி.

களியில் சத்துக்குக் குறைவில்லை. தண்ணீர் வடியாததுதான் சிக்கல். மார்ச் மாதத்தில் பகலில் இளகி இரவில் உறையும் நாட்களில், களிக்குள் தேங்கிய நீர் உறைந்து மண்ணை மேலே தூக்கும். போன வருடம் முளைத்த இளஞ்செடியையும் சேர்த்துத் தூக்கிவிடும். பக்கவேர்கள் அறுந்து, வேரின் கழுத்து வெளியே தெரியும். அப்படித் தூக்காமல் விட்டாலும், ஈரத்திலேயே கிடக்கும் அடியிலைகள் கறுத்து அழுகி, அழுகல் நடுக்குருத்துக்கு ஏறும். இலை எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மழை அடித்தால் களிச்சேறு சுணைக்குள் புகுந்து அப்பிக்கொள்ளும். எத்தனை தரம் அலசினாலும் முழுதாகப் போகாது.

"களிக்குள் ரெண்டு மூட்டை மணல் கொட்டினால் சரிதானே அண்ணை?" என்று கேட்பார்கள். சரிவராது. கொஞ்ச மணலைக் களியோடு கலந்தால், காய்ந்ததும் செங்கல் போல இறுகிவிடும். பாதிக்கு மேல் மணல் போனால்தான் களியின் குணம் மாறும். ஒரு பாத்திக்கு அது எத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைவிட மேட்டுப்பாத்தி கட்டுவது இலகு.

மேட்டுப்பாத்தி என்றதும் எல்லோரும் ரிப்பிள் மிக்ஸுக்குத்தான் ஓடர் கொடுப்பார்கள். மேல்மண், பீற் மொஸ் (சதுப்புநிலத்துப் பாசி மக்கியது), கொம்போஸ்ற் மூன்றும் கலந்தது. பயற்றைக்கும் கத்தரிக்கும் அதற்கு ஈடில்லை. மலின் அதில் சாகாது. முதல் வருடம் கிரவலில் வளர்வதைவிடப் பெரிய இலைகூடத் தரும். ஆனால் பீற் மொஸ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுத்த மண்ணில் தண்டு உயர்ந்து, மென்மையாகி, ஓகஸ்ற் இடிமழைக் காற்றில் சாய்ந்துவிடும். முட்டுக் கொடுக்க வேண்டிவரும். அதைவிடப் பெரிய குறை களை. மலின் விதை தூள் மாதிரிச் சின்னது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் அதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, மேலே தூவி அழுத்தி விட்டால் போதும். ரிப்பிள் மிக்ஸில் அது முளைத்துக் காசளவு இலை விடுவதற்குள் களை மூடிவிடும். முதல் வருட இலையை மட்டும் எடுத்துவிட்டுச் செடியைப் பிடுங்கிவிடுவேன் என்பவர், பாதிக்குப் பாதி பருமணல் கலந்து இதையே பாவிக்கலாம். பூவும் வேண்டும் என்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

என் தெரிவு கிரவல் கலந்த மெலிந்த மண். வளவு மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, கழுவிய சின்னக் கிரவல் ஒரு பங்கு. அடியிலுள்ள களியைத் தோட்டத்து முள்ளுக்கரண்டியால் கிளறிவிட்டு, அதன்மேல் ஓரடி உயரத்துக்கு மேடாகப் போடுங்கள். கொம்போஸ்ற் வேண்டாம், பசளை வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஸ்கிரீனிங்ஸ் வாங்கிவிடாதீர்கள். நடைபாதைக் கல்லுக்கு அடியில் இறுக்கிப் போடுவதற்கான சரக்கு அது; அதிலுள்ள கல்தூள் ஈரம் பட்டதும் கட்டியாகி, வடிகாலை அடைத்துவிடும். கழுவியது என்று கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பும் தனியாகத் தேவையில்லை. மலினுக்குக் கொஞ்சம் காரத்தன்மை பிடிக்கும். தென் ஒன்ராறியோ மண்ணில் சுண்ணக்கல் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

மேடு சரியாக அமைந்ததா என்று பார்க்க, ஓரடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் 5 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால் நல்லது. 2 சென்ரிமீற்றர்தான் இறங்குகிறது என்றால் மேட்டை இன்னும் உயர்த்துங்கள். இந்த மண்ணுக்கும் ஒரு குறை உண்டு: முளைத்த முதல் சில கிழமைகள் மேற்பரப்பு சீக்கிரம் காயும், பூவாளியால் மெதுவாக நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆணிவேர் இறங்கிய பிறகு தண்ணீரை மறந்துவிடலாம்.

பூச்சாடி, கொண்டோ பல்கனிக்காரருக்கு மட்டும். ஓரடிக்குக் குறையாத ஆழம், அடியில் ஓட்டை, அதே கிரவல் கலவை. ஆணிவேர்ச் செடி என்பதால் வளர்ந்தபின் சாடி மாற்றினால் தாங்காது. நிற்கப்போகும் சாடியிலேயே விதையைத் தூவுங்கள்.

எந்த மண்ணை எடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1970-களுக்கு முன் கட்டிய வீட்டுச் சுவரோரம் பழைய பெயின்ற் உதிர்ந்து ஈயம் கலந்திருக்கலாம். தெருவோரமும் ரயில் பாதை ஓரமும் மலினுக்குப் பிடித்த இடங்கள்தான், ஆனால் அங்கே நிற்கும் செடியின் சுணையில் புகையும் தூசும் படிந்திருக்கும். அந்த இலை கசாயத்துக்கு ஆகாது. சுத்தமான வளவில் வளர்த்த இலையானாலும், கொதிக்க வைத்தபின் துணியில் வடித்துக் குடியுங்கள், சுணை தொண்டையை அறுக்கும்.

கடைசியாக, இந்த மண் இனி வேறு பயிருக்கும் வேண்டுமென்றால், பூ முடிந்ததும் காய் முற்றுமுன் தண்டை வெட்டிவிடுங்கள். ஒரு செடியே ஒரு லட்சத்துக்கு மேல் விதை உதிர்க்கும். பக்கத்து மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் மணலோடு கலந்து போத்தல்களில் புதைத்த விதைகளில், மலின் இனத்து விதைகள் 2021-இல் தோண்டியபோதும் முளைத்தன. அவை மண்ணுக்குள் காத்திருக்கும். பாத்தியை நீங்கள் எப்போது கிளறினாலும், வெளிச்சம் பட்டவை எழும்பும்.