சின்னாறா, தேக்கடியா? நடந்தே காடு பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு

கேரள எல்லையோரம் வாழும் நாம் நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து காட்டுக்குள் நடக்கலாம் என்று பேச்செடுத்தால், உடுமலை, மறையூர்ப் பக்கத்தார் சின்னாற்றையும், கம்பம், குமுளிப் பக்கத்தார் தேக்கடியையும் சொல்வது வழக்கம். இரண்டிலும் யானை உண்டு, காட்டுமாடு உண்டு. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் இரண்டிலும் நடக்க முடியாது. ஆனால் ஒரு விலங்கு நம் எதிரே வரும் விதம் இவ்விரு காடுகளிலும் ஒன்றன்று. அதைக் கணக்கில் கொள்ளாமல், கட்டணத்தையும் தூரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியில்லை என்பதே என் கருத்து.

சின்னாறு 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர்தான். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதை ஒட்டிய மலைகளும் தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால், இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே முள்மரங்களும் கள்ளியும் பாறையுமாகக் காடு திறந்து கிடக்கிறது. எதிர்ச்சரிவில் மேயும் காட்டுமாட்டுக் கூட்டத்தை அது நம்மை அறியும் முன்பே நாம் பார்த்துவிட முடிகிறது. காட்டில் முதன்முறையாக நடப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

ஆற்றோரம் மட்டும் கதை மாறும். பாம்பாற்றின் கரையில் நீர்மருதும் பிற பெருமரங்களும் கூரை வேய்ந்ததுபோல் அடர்ந்திருக்கின்றன. அந்தக் கிளைகளில்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போவார்கள். கோடையில் யானைகளும் இந்த நிழலுக்கே இறங்குகின்றன. உடன்வரும் முதுவர் இன வழிகாட்டி ஓரிடத்தில் நின்று, காய்ந்த மண்ணைக் கைப்பிடியாக அள்ளி விரல் வழியே உதிரவிடுவார். தூசி நம் பக்கமாகப் பறந்து வந்தால், தொலைவில் யானை புல்லைப் பிடுங்கி முன்காலில் தட்டி மண் உதிர்த்துத் தின்பதைச் சிறிது நேரம் பார்த்து நிற்கலாம். தூசி யானையின் பக்கம் போனால், ஒரு சொல்லும் பேசாமல் எல்லோரையும் திருப்பி அழைத்துப் போய்விடுவார். யானைக்குப் பார்வையைவிட மோப்பமே கூர்மை என்பதை அந்த ஒரு பிடி மண்ணில் கற்றுக்கொள்ளலாம். வழிகாட்டியிடம் தமிழிலேயே எல்லாவற்றையும் கேட்டறியலாம் என்பதும் நமக்கு ஒரு பெரிய வசதி.

தேக்கடி இதற்கு நேர்மாறானது. அது அமைந்துள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். 1978 முதல் அந்தக் காடு புலிகள் காப்பகம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டபோது உருவான ஏரியைச் சுற்றி விலங்குகள் நீருக்கு வருவதால், கரையோரப் புல்வெளியில் கடமானையும் நீர்நாயையும், நல்வாய்ப்பிருந்தால் செந்நாய்க் கூட்டத்தையும் காணலாம். ஆனால் கரையை விட்டுப் பசுமைமாறாக் காட்டுக்குள் நுழைந்ததும், பத்தடியில் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் முறியும் ஓசை, சூடு ஆறாத யானைச் சாணத்தின் வாசம், திடீரென நின்றுபோகும் பறவைக் குரல் ஆகியவற்றை வைத்துத்தான் அது அங்கே நிற்பதை அறிய வேண்டும். கரடி இன்னும் கவலைக்குரியது. கறையான் புற்றைத் தோண்டும் மும்முரத்தில் அது நம் வரவைக் கவனிப்பதில்லை. மிக அருகே போனபின் திடுக்கிட்டுப் பாயும். இத்தகைய இடத்தில் குழுவில் ஒருவர் உரக்கச் சிரித்தாலும், ஒருவர் படம் எடுக்கப் பின்தங்கினாலும், ஆபத்து எல்லோருக்கும்தான்.

அப்படியிருந்தும் தேக்கடியை நான் ஒதுக்காததற்குக் காரணம் அங்குள்ள வழிகாட்டிகள். ஒருகாலத்தில் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துக் கடத்தியவர்களை, 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாற்றியது. புலித்தடம் என்னும் நடைப்பயணத்தில் கூடாரத்தில் இரவு தங்க அழைத்துச் செல்பவர்கள் அவர்கள்தான். ஆயுதம் ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் வருவார். அதிகாரிகளின் கண்ணுக்குப் படாமல் காட்டில் திரிந்தவர்களுக்குத் தெரியும் ஒற்றையடித் தடங்கள் வேறெவருக்கும் தெரியாது. காட்டை அழித்த அறிவே அதைக் காக்கவும் பயன்படுவதை அவர்கள் பின்னால் நடக்கும்போது நேரில் காண்கிறோம். இரவில் கூடாரத்துக்குள் படுத்துக் கடமானின் எச்சரிக்கைக் குரலைக் கேட்கும் அனுபவத்துக்குச் சின்னாற்றின் பகல்நடை ஈடாகாது.

பரம்பிக்குளத்தைச் சிலர் மூன்றாவதாகச் சொல்வார்கள். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே போக வேண்டிய அந்தக் காட்டில் காட்டுமாடுகள் மிகுதி. கன்னிமரா தேக்கு என்னும் பழம்பெரும் மரமும் பார்க்கத் தக்கது. ஆனால் பெரும்பாலோர் வண்டியிலேயே சுற்றிவருவதால், நடை விரும்பும் குழுவுக்கு நான் அதை முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

பருவமும் முடிவைத் தீர்மானிக்கும். ஆனி, ஆடியில் தேக்கடியில் மழை கொட்டும். முழங்கால்வரை அட்டையுறை போட்டும் அட்டை ஏறும். அப்போதும் சின்னாறு காய்ந்தே கிடக்கும். மாசி, பங்குனியில் காட்டுத்தீயை அஞ்சி வனத்துறை பாதைகளை மூடினால், அதை மீறி வேறு வழி தேடக் கூடாது. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் தீயில் உயிரிழந்ததை நம் பக்கத்தார் எவரும் மறக்கவில்லை.

ஆகவே காட்டு நடைக்குப் புதியவர் ஒருவராவது குழுவில் இருந்தால் சின்னாற்றுக்கே போங்கள். வெயில் ஏறும் முன் காலையிலேயே சோதனைச் சாவடியை அடைந்துவிடுங்கள். எல்லோரும் மணிக்கணக்கில் பேசாமல் நடந்து பழகியவர்களாக இருந்தால், மார்கழி, தையில் தேக்கடியின் இரவுத் தங்கலுக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அங்கே சிறு குழுக்களை மட்டுமே அனுமதிக்கிறார்கள் என்பதால், நண்பர்கள் பத்துப் பேர் என்றால் இரு குழுவாகப் பிரிந்து வெவ்வேறு நாளில் போவதற்கு முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.