முத்துராஜவெலயா, மாதுகங்கையா? பிள்ளைகளோடு ஒருநாள் படகுப் பயணம்

போன பள்ளி விடுமுறையில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்வர இடம் தேடினோம். விலங்கும் பார்க்க வேண்டும், தண்ணீரிலும் போக வேண்டும் என்று மூத்தவன் பிடிவாதம். தெஹிவளை மிருகக்காட்சிசாலை பக்கத்தில்தான், ஆனால் கூண்டுகளைப் பலமுறை பார்த்தாயிற்று. மிஞ்சியவை இரண்டு: நீர்கொழும்புப் பக்கம் முத்துராஜவெல சதுப்புநிலம், தெற்கே பலப்பிட்டியவில் மாதுகங்கை ஆறு.

நாங்கள் போனது முத்துராஜவெலவுக்கு. அதற்கு முன்பும் இரண்டு தடவை போயிருக்கிறோம். மாதுகங்கைக்குப் போனது ஒரே தடவை, அதுவும் உச்சிவெயிலில், ஆகவே அதைப் பற்றிச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அழகு என்று பார்த்தால் மாதுகங்கை ஒரு படி மேல். ஆறு ஏரிபோல் அகன்று கிடக்கும், நடுவே சின்னச் சின்னத் தீவுகள். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்ட வழிக்குள் படகு நுழைந்தபோது அம்மாவே கையை நீட்டி ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தார். கொத்துவ தீவு விகாரை, கறுவா உரித்துக் காட்டும் தீவு என்று இறங்கிப் பார்க்கவும் இடங்கள் உண்டு. 2003இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். விலங்குதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கொக்கும் நீர்க்காகமும் ஒன்றிரண்டு கபரகொயாவும் (பெரிய நீர் உடும்பு), அவ்வளவுதான்.

அது மாதுகங்கையின் குற்றமில்லை, நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. என்னைப் பொறுத்தவரை எந்த இடத்துக்குப் போவது என்பதை முடிவு செய்வதே இந்த நேரம்தான். பறவைகள் இரை தேடுவது விடியற்காலையில். கபரகொயா குளிர்ந்த உடம்பைச் சூடாக்கக் கரையிலும் கிளையிலும் வந்து படுப்பது காலை வெயிலில், சூடு ஏறியதும் நிழலுக்குள் போய்விடும். மந்திகள் காலையில் இலை தின்னும், மத்தியானம் கிளையில் சாய்ந்துவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். பலப்பிட்டிய கொழும்பிலிருந்து 80 கிலோமீற்றருக்கு மேல். பிள்ளைகளை எழுப்பி, சாப்பாடு கொடுத்து, அதிவேகப் பாதையில் போனாலும் படகில் ஏறப் பத்து மணி ஆகிவிடும். முத்துராஜவெலவுக்கு ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் ஏழு மணிக்குப் படகில் இருக்கலாம். முதல்நாளே தொலைபேசியில் சொல்லி வைத்துவிடுங்கள், அவ்வளவு காலையில் படகு தானாகத் தயாராக இருக்காது.

முத்துராஜவெலவில் படகில் இருந்த இரண்டு மணி நேரத்தில் கண்டது: மூன்று விதமான மீன்கொத்தி, நீலக்கோழிக் கூட்டம், கறுத்த முகத்து மந்திக் குடும்பம் ஒன்று, எண்ணி முடியாத கபரகொயாக்கள். முதலை தென்படவில்லை, மூன்று பயணத்திலும் கண்டதில்லை, அதை நம்பிப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சிங்களத்தில் வெல என்றால் வயல், ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம் உப்புநீர் ஏறிச் சதுப்பானது என்று சொன்னேன். சின்னவள் வழியெல்லாம் நெல்லைத் தேடிக்கொண்டே வந்தாள்.

குறை இல்லாமல் இல்லை. கால்வாயில் சில இடங்களில் பிளாஸ்டிக் போத்தல்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன. 1996இல் சரணாலயமாக்கிய இடத்தில் அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இறங்கிச் சுற்ற மாதுகங்கை போல இடங்களும் இல்லை. ஆனால் ஒன்பதரைக்கெல்லாம் கரையேறிவிடுகிறோம், வெயில் ஏறுமுன் அம்மாவுக்கு ஓய்வு, மத்தியானச் சாப்பாடு வீட்டில்.

ஹிக்கடுவை, காலிப் பக்கம் எப்படியும் போகிறவர்கள், அல்லது பென்தோட்டையில் இரவு தங்குகிறவர்கள் என்றால் என் பதில் மாறும். விடியற்காலையில் மாதுகங்கை எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கே ஆசை. டிசம்பர் விடுமுறையில் பென்தோட்டையில் ஓர் இரவுக்கு அறை கேட்டிருக்கிறேன்.